ஹெட்போனில் அடி வேண்டும், தெளிவும் வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையில் வேலை செய்கிறேன். பதிவு செய்ய வருபவர்களைவிட, கையில் ஹெட்போனோடு சந்தேகம் கேட்க வருபவர்கள்தான் அதிகம். பல்கலைக்கழகப் பிள்ளைகள், கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்கள், அயல்வீட்டு அம்மா என்று ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பேஸ் நன்றாக அடிக்க வேண்டும், ஆனால் பாடகர் உச்சரிக்கும் எழுத்தும் வயலினின் இழையும் அதற்குள் அமிழ்ந்து போகக் கூடாது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களைக் கீழே தருகிறேன்.

“அண்ணா, பேஸ் என்று சரியாக எதைச் சொல்கிறார்கள்? பேஸ் கூடினால் அடியும் கூடும்தானே?”

மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரை கேட்கும். இதில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் பொதுவாகப் பேஸ் என்கிறோம். 60க்குக் கீழே உள்ளது அடியாழம். அது கேட்பதைவிட உணர்வதாகவே இருக்கும். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 60 முதல் 120 வரை உள்ள பகுதியில்தான் ட்ரம்மின் அடிக்கு உடம்பு கிடைக்கிறது. 200 முதல் 400 வரை அளவோடு இருந்தால் இசைக்குக் கதகதப்பு. கொஞ்சம் மிஞ்சினாலும் எல்லாம் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

அடி வேறு, குமுறல் வேறு. இதை விளங்கப்படுத்த எனக்குத் தவிலைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. தவிலின் தொப்பிப் பக்கத்தைக் கம்பால் அடிக்கிறார்கள். வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி வாசிக்கிறார்கள். நல்லூரில் வெளி வீதியில் நிற்கும்போது தொப்பியின் அடி நெஞ்சில் வந்து விழும், உடனே விலகிவிடும். அந்த இடைவெளிக்குள் வலந்தலையின் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து விழும். அதே கச்சேரியை மோசமான ஒலிபெருக்கியில் கேளுங்கள்: தொப்பியின் ஓசை போகாமல் தொங்கிக்கொண்டே நிற்கும், வலந்தலை அதற்குள் மூழ்கிவிடும். பேஸின் அளவு ஒருவேளை இரண்டாவதில்தான் அதிகம். ஆனால் அடி முதலாவதில்தான் இருக்கிறது. அடி என்பது கம்பு தோலில் படும் அந்தக் கூர்மையும் (அது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள உயர்ந்த பகுதியில் இருக்கிறது), அதன் பின்னால் வரும் உடம்பும், பிறகு வரும் அமைதியும் சேர்ந்தது.

“புதிதாக வாங்கிய இயர்போனில் பேஸே இல்லை. மட்டமான பொருளைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?”

இருக்கலாம். ஆனால் கடைக்காரருடன் சண்டைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டு ஓடும்போது இரண்டு பக்கத்தையும் விரலால் மெல்லக் காதுக்குள் அழுத்துங்கள். பேஸ் சட்டென்று எழுந்து வந்தால் இயர்போனில் குறையில்லை. காதுக்கும் இறப்பர் முனைக்கும் இடையே காற்று கசிகிறது. தாழ்ந்த ஒலிக்குக் காதுக்குள் அழுத்தம் கட்டுப்பட்டு நிற்க வேண்டும். சின்னக் கசிவு இருந்தாலும் முதலில் வெளியேறுவது பேஸ்தான். உயர்ந்த ஒலிகள் அப்படியே இருக்கும், அதனால் பாட்டு மெலிந்தும் கூர்த்தும் கேட்கும்.

பெட்டிக்குள் வேறு அளவு முனைகள் இரண்டு மூன்று சோடி இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அவற்றைத் தொடுவதே இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறு அளவும் பொருந்துவது மிகச் சாதாரணம். நுரையால் செய்த முனைகளை விரலால் நசுக்கிச் செருகினால் உள்ளே விரிந்து நன்றாக அடைத்துக்கொள்ளும். என்னிடம் பேஸ் இல்லை என்று வந்தவர்களில் பலர் இந்த ஒரு படியோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒரு சதமும் செலவில்லை, தெளிவிலும் இழப்பில்லை.

“நான் கண்ணாடி போடுபவள். காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போனிலும் இதே கசிவு வருமா?”

வரும். கண்ணாடியின் கால் மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் ஒரு வழி திறந்துவிடுகிறது. பாட்டைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மெல்லிய கால் உள்ள கண்ணாடியும் மென்மையான, தடித்த மெத்தையும் உதவும். மெத்தைக்கும் காதுக்கும் நடுவே தலைமுடி அகப்பட்டாலும் இதே கதைதான்.

நம் ஊர் வெயிலில் மெத்தைகள் விரைவில் பழுதாகின்றன. வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் செயற்கைத் தோலை வெடிக்கவைத்து உரித்துவிடும், உள்ளே இருக்கும் நுரையும் தட்டையாகிவிடும். மூன்று வருடமாகப் பாவித்த ஹெட்போனில் பேஸ் குறைந்துவிட்டது என்றால் முதலில் மெத்தையைப் பாருங்கள். மாற்று மெத்தை வாங்கும்போது பழையதன் தடிப்பும் தோலின் வகையும் ஒத்திருக்கட்டும்; துணி மெத்தை போட்டால் கசிவு கூடிப் பேஸ் இன்னும் குறையலாம்.

“போனில் ‘பேஸ் பூஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா?”

அழுத்திப் பாருங்கள், முதல் பத்து விநாடி சந்தோஷமாக இருக்கும். பிறகு பாடகரின் குரலைக் கவனியுங்கள். இத்தகைய பொத்தான்களில் பல 60 ஹெர்ட்ஸை மட்டும் தூக்குவதில்லை. அந்த மேடு 200, 300 வரை பரந்து கிடக்கும். ஆண் குரலின் அடித்தளம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால் குரலும் தடித்துவிடும்.

இன்னொரு காரணம் நம் காதுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு தாழ்ந்த ஒலி பலமாக இருக்கும்போது தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். மேலே உள்ள ஒலி கீழே உள்ளதை இந்த அளவுக்கு மறைப்பதில்லை. ஆகவே பேஸைக் கண்மூடித்தனமாகக் கூட்டும் ஒவ்வொரு டெசிபெலுக்கும் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) நுணுக்கத்தில் ஒரு விலை கொடுக்கிறோம். எங்கே கூட்டுகிறோம், எங்கே குறைக்கிறோம் என்பதை நாமே தீர்மானித்தால் அந்த விலையை மிகச் சிறிதாக்கலாம்.

“அப்படியானால் ஈக்குவலைசரில் எந்த எண்ணை எவ்வளவு கூட்டுவது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.”

ஈக்குவலைசர் என்பது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி. முதலில் குறையுங்கள், பிறகு கூட்டுங்கள். 250 ஹெர்ட்ஸில் 2 அல்லது 3 டெசிபெல் குறைத்துவிட்டுச் சிறிது நேரம் கேளுங்கள். பேஸைத் தொடாமலே அடி தெளிவதைக் காண்பீர்கள். சேறு வடிந்தபின் அடியில் உள்ள கல் தெரிவதுபோல. அதன் பிறகு அடியாழத்தைத் தூக்குங்கள். போனில் உள்ள பத்துப் பட்டை ஈக்குவலைசரில் இப்படித் தொடங்கலாம்: 31இலும் 62இலும் 4 டெசிபெல் மேலே, 125இல் 2 மேலே, 250இல் 2 கீழே, 500க்கு மேலே எதையும் தொட வேண்டாம். இன்னும் அடி போதாது என்றால் பேஸை மேலும் தூக்காமல், 4,000இல் ஒன்றரை டெசிபெல் மட்டும் கூட்டிப் பாருங்கள். தவிலில் சொன்ன கம்பின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. குரலில் சகர ஓசை காதைக் கீறத் தொடங்கினால் அதைத் திரும்ப இறக்கிவிடுங்கள்.

இன்னும் நுட்பமாகச் செய்ய விரும்புபவர்களுக்கு விண்டோஸ் கணினியில் ‘ஈக்குவலைசர் ஏபிஓ’ இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ரொயிட் போனில் ‘வேவ்லெட்’ இருக்கிறது. ஏபிஓவில் ‘லோ ஷெல்ஃப்’ என்ற வடிகட்டியை 105 ஹெர்ட்ஸில் வைத்து 4 டெசிபெல் கூட்டுங்கள். அது படிக்கட்டுப்போல, அந்த இடத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே சீராகத் தூக்கும். அந்த 105 என் கற்பனை எண் இல்லை. ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஓலிவும் அவருடைய குழுவினரும் 2012 முதல் நடத்திய கேட்டல் ஆய்வுகளில் பேஸை ஏற்றி இறக்க வைத்துக்கொண்ட இடம் அது. பெரும்பாலானோர் தட்டையான பேஸைவிடச் சில டெசிபெல் உயர்ந்ததையே விரும்பினார்கள். எனவே பேஸ் பிடிக்கும் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த எண்களைச் சட்டமாக எடுக்க வேண்டாம். உங்கள் ஹெட்போனில் ஏற்கெனவே பேஸ் கூடியிருந்தால் 250இல் குறைப்பது மட்டுமே போதும். கசிவு இருக்கும்போது ஈக்குவலைசரைத் திருப்புவதிலும் பயனில்லை. ஓட்டை வாளியில் நீர் அள்ளுவதுபோல் அது.

“நீங்கள் சொன்னபடி கூட்டினேன். இப்போது அடி விழும்போதெல்லாம் பாட்டுக் கரகரக்கிறது.”

ஒன்றை விட்டுவிட்டீர்கள். டிஜிற்றல் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. இன்றைய பாட்டுகள் அநேகமாக அந்த வரம்பைத் தொடும் அளவுக்கு உரத்துப் பதிவாகின்றன. அதன்மேல் 6 டெசிபெல் கூட்டுவது என்றால் அலையின் உயரத்தை இரண்டு மடங்காக்குவது. வரம்புக்கு மேலே போகும் பகுதி வெட்டுப்படும்; வெட்டுப்பட்ட அலை முழு ஒலிவரிசையிலும் புதிய இரைச்சலைப் பிறப்பிக்கும். தெளிவு போய்விட்டது என்று பலர் குறைப்படுவது உண்மையில் இதைத்தான்.

தீர்வு எளிது. ஒட்டுமொத்த ஒலியையும் கூட்டிக் குறைக்கும் ‘ப்ரீஅம்ப்’ என்ற திருகை, நீங்கள் கூட்டிய மிகப் பெரிய எண்ணின் அளவுக்கு, இன்னும் ஒரு டெசிபெல் சேர்த்துக் கீழே இறக்குங்கள். 4 கூட்டினால் ப்ரீஅம்ப் 5 கீழே. பிறகு போனின் ஒலியளவைச் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள். ப்ரீஅம்ப் இல்லாத செயலியில் பேஸைக் கூட்டாமல் 0இலேயே விட்டு, மற்றப் பட்டைகளை அதே அளவு கீழே இறக்கினாலும் அதே பலன்தான்.

“பகலில் நன்றாக இருந்த பாட்டு, இரவில் மெதுவாக வைத்துக் கேட்டால் ஏன் உயிரில்லாமல் போகிறது?”

காதின் இயல்பு அது. ஒலியளவு குறையக் குறையப் பேஸைக் கேட்கும் திறன் மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை வரைபடமாக்கிவிட்டார்கள். எனவே மெதுவாகக் கேட்கும் நேரத்துக்குத் தனியாக ஓர் அமைப்பைச் சேமித்து வையுங்கள்: 62இல் இன்னும் 2 அல்லது 3 டெசிபெல், ப்ரீஅம்ப்பும் அதற்கேற்பக் கீழே. பகலுக்குப் பழைய அமைப்புக்குத் திரும்ப மறக்க வேண்டாம்.

“கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகும்போது எவ்வளவு கூட்டினாலும் பேஸ் கேட்பதில்லையே?”

ஏறக்குறைய 400 கிலோமீற்றர், முழு இரவு. பஸ் எஞ்சினின் உறுமலும் சக்கரத்தின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள்; பாட்டின் பேஸ் இருக்கும் அதே இடத்தில்தான் அவையும் இருக்கின்றன. உரத்தது மெல்லியதை மூடிவிடுகிறது. இங்கே கூட்டிக்கொண்டே போவது தோற்கும் போட்டி. நுரை முனையுள்ள இயர்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்கும். இரைச்சலை ரத்துச் செய்யும் வசதியுள்ள ஹெட்போன் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்தத் தொழில்நுட்பம் மிக நன்றாக வேலை செய்வதே தாழ்ந்த ஒலிகளில்தான். வெளி உறுமல் அடங்கினால் பேஸ் தானாக மேலே வரும்.

“புளூடூத்தில் பேஸ் குறையும், வயர்தான் சிறந்தது என்கிறார்களே?”

பேஸைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டாம். எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்று எந்த ஒலிச்சுருக்க முறையில் போனாலும் தாழ்ந்த ஒலிகள் அநேகமாக முழுதாகவே வந்து சேரும்; வித்தியாசம் இருந்தால் அது மேலே உள்ள நுண்ணிய ஒலிகளில் இருக்கும்.

ஆனால் ஒரு பொறி உண்டு. மடிக்கணினியில் ஏதாவது செயலி ஹெட்போனின் மைக்கைத் திறந்தவுடன் புளூடூத் தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு மாறிவிடும். அப்போது பாட்டு, பேஸும் கூர்மையும் இன்றி, தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். இணைய வகுப்பு முடிந்ததும் அந்தச் செயலியை முழுதாக மூடுங்கள்.

“நூறு மணிநேரம் ஓடவிட்டால் பேஸ் திறக்கும் என்று நண்பன் சொல்கிறான்.”

அந்த நூறு மணிநேரத்தில் மெத்தை உங்கள் தலைக்குப் பழகி இளகும், உங்கள் காதும் அந்த ஒலிக்குப் பழகும். ஒலிபெருக்கியிலேயே நிகழும் மாற்றம் மிகச் சிறிது. ஓடவிடாமல் கேளுங்கள்.

“ஐயா, அப்பா காலத்து கசற்றில் இருந்து எடுத்த பாட்டுகளுக்குப் பேஸ் கூட்டினால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல்தான் கூடுகிறது.”

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. கசற்றில் இருந்து கணினிக்கு மாற்றும்போது நிலக்கம்பி சரியாக இல்லாவிட்டால் அந்த 50உம் அதன் இரட்டிப்பான 100உம் பதிவோடு கலந்துவிடும். பேஸ் இருக்கும் இடமும் அதுவே. பலமுறை பிரதி எடுத்த கசற்றில் அடியாழம் ஏற்கெனவே தேய்ந்து போயிருக்கும். அங்கே தூக்குவதற்கு இரைச்சல் மட்டுமே மிச்சம். இத்தகைய பதிவுகளில் 50ஐயும் 100ஐயும் குறுகலாக வெட்டிவிட்டு, 80 முதல் 120 வரை 2 டெசிபெல் மட்டும் கூட்டுங்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகளில் இருந்து வரும் கசற்றுகள் இவை. அவற்றில் பேஸைவிடக் குரலைக் காப்பாற்றுவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எல்லாப் பாட்டிலும் அந்த ‘ம்ம்ம்’ கேட்டால் பதிவில் குறையில்லை. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை மின் இணைப்பில் இருக்கிறது.

“வீட்டில் வெளிநாட்டில் இருந்து மாமா கொண்டுவந்த பழைய அம்பிளிபையர் இருக்கிறது. அதில் செருகினால் பேஸ் கூடுகிறது, ஆனால் தளதளவென்று இருக்கிறது. சக்தி கூடினால் இறுகத்தானே வேண்டும்?”

இங்கே சக்தியைவிட மின்தடைதான் கதை. பழைய ஸ்ரீரியோ அம்பிளிபையர்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் மின்னையே, நூறு ஓம்முக்கும் மேலான தடை ஒன்றின் வழியாக ஹெட்போன் துளைக்குக் கொடுப்பார்கள். ஹெட்போனின் தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. சாதாரண ஒலிச்சுருள் ஹெட்போன்களில் பேஸ் பகுதியில் ஒரு மேடு இருக்கும். முன்னால் பெரிய தடை இருந்தால் அந்த மேட்டில் ஒலி கூடிவிடும், அதிர்ந்த தகட்டை உடனே பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடும் தளர்ந்துவிடும். தொப்பியின் ஓசை தொங்கி நிற்கும் என்று முதலில் சொன்னேனே, அதுதான் இது. கொடுக்கும் கருவியின் தடை, ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். டிஜிற்றல் ஒலியை மின்னலையாக மாற்றும் சின்ன யூஎஸ்பி டாக் கருவிகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் இருக்கும்.

சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு போதிய வோல்ட் தரும் அம்பிளிபையர் தேவை என்பது உண்மை. ஆனால் அது பின்புறம் திறந்த வகை. அடியாழம் அதில் இயல்பாகவே இறங்கிப் போகும். எந்த அம்பிளிபையரும் அதை மாற்றாது.

“அறுந்த வயரைக் கடையில் கொடுத்து ஒட்டினேன். இப்போது பாடகரும் பேஸும் எங்கோ போய்விட்டார்கள், வயலினும் எதிரொலியும் மட்டும் கேட்கின்றன. ஸ்பீக்கர் எரிந்துவிட்டதா?”

எரியவில்லை, பயப்பட வேண்டாம். எனக்கே இது நடந்து ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நிலக்கம்பி ஒட்டப்படவில்லை. அப்போது மின் இடமிருந்து வலத்துக்குப் பாய்கிறது. நீங்கள் கேட்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். குரலையும் பேஸையும் ட்ரம்மையும் பதிவில் நடுவில், இரு பக்கத்துக்கும் சமமாக வைப்பார்கள். சமமானவை ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றன. நிலக்கம்பியைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். செருகியை முழுதாக உள்ளே தள்ளாவிட்டாலும் இதே குறை வரும், முதலில் அதைப் பாருங்கள்.

“தம்பி, என்ரை மகன் எப்போதும் பேஸைக் கூட்டித்தான் கேட்கிறான். காது பழுதாகாதா?”

அம்மா, ஆபத்து மொத்த ஒலியளவிலும் கேட்கும் நேரத்திலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணிநேரம், பிள்ளைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், அதாவது 83இல் 20 மணிநேரம். பேஸால் குரல் மூடப்படும்போது பிள்ளைகள் குரலைக் கேட்பதற்காக மொத்த ஒலியையும் ஏற்றிவிடுகிறார்கள், அங்கேதான் காது அடிபடுகிறது. கசிவை அடைத்து, 250ஐக் குறைத்துக் கொடுத்தால் அவர் தானாகவே ஒலியைக் குறைப்பார். கழற்றியபின் காதில் ரீங்காரம் கேட்கிறது என்று சொன்னால் அன்றைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். அது அடிக்கடி வந்தால் காது வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

“இரண்டு நாள் உங்கள் அமைப்பில் கேட்டபின் ஈக்குவலைசரை நிறுத்தினால் பாட்டே செத்துவிட்டது. அப்படியானால் என் அமைப்புச் சரி என்றுதானே அர்த்தம்?”

அவ்வளவு சுலபமாக முடிவெடுக்க முடியாது. எது சற்று உரத்துக் கேட்கிறதோ அதையே காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். ஈக்குவலைசர் போட்டபோதும் நிறுத்தியபோதும் ஒலியளவு சமமாக இருக்கும்படி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். குரல் இரண்டிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஸ்பொட்டிஃபை போன்ற செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வோர் உயரத்தில் வந்து குழப்பும்.

சோதனைக்கு நான் எடுப்பது தவில்தான். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. பழைய பதிவுகள், அடியாழம் அதிகம் இல்லை. அதனால்தான் அவை நல்ல சோதனை. வேகமான கோர்வை ஒன்றில் தொப்பியை விட்டுவிட்டு வலந்தலையை மட்டும் பின்தொடருங்கள். ஈக்குவலைசர் ஓடும்போது ஒரு சொல்லாவது தவறிப்போனால் 62ஐ ஒரு டெசிபெல் இறக்குங்கள், திரும்பக் கேளுங்கள். எல்லாச் சொல்லும் வந்துவிட்டால் அந்த இடத்தில் விட்டுவிடலாம்.